எதிர் வீட்டு அம்மாவுக்குத் திடீரெனப் பேச்சு குழறினால்: பக்கவாதமும் அக்கம்பக்கமும்

கேள்வி: எங்கள் அடுக்குமாடியில் எதிர் வீட்டில் எழுபதைத் தாண்டிய தம்பதி இருக்கிறார்கள். மகன் வெளிநாட்டில், மகள் பெங்களூரில். மூன்று நாட்களுக்கு முன் அந்த அம்மாவுக்குப் பத்து நிமிடம் போல நாக்கு குழறியது, கையில் இருந்த டம்ளர் நழுவியது. அப்புறம் தானாகவே சரியாகிவிட்டது. "வெயில்ல நின்னது, பித்தம்" என்று சொல்லி விட்டுவிட்டார்கள். பக்கவாதத்தை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது எப்படி? அவர்கள் வீட்டு விஷயத்தில் ரொம்பத் தலையிடாமல் நாங்கள் என்ன செய்யலாம்?

மற்றதை எல்லாம் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் அந்த அம்மாவை இன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்யுங்கள். பேச்சு குழறியது, கை பிடி விட்டது, சில நிமிடங்களில் சரியானது என்று நீங்கள் எழுதியிருப்பது, மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் தடைபட்டுத் திரும்பக் கிடைத்ததற்கான அடையாளமாக இருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவர்கள் இதை டி.ஐ.ஏ. என்பார்கள், பேச்சுவழக்கில் மினி ஸ்ட்ரோக். இப்படி ஒன்று வந்து போனவர்களுக்கு அடுத்த சில நாட்களுக்குள், அதிலும் முதல் 48 மணி நேரத்துக்குள், பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து மிக அதிகம். மூன்று நாள் கடந்துவிட்டதே, இனி என்ன என்று நினைக்க வேண்டாம். ஆபத்து இன்னும் முழுதாக விலகவில்லை. 2007இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு ஒன்று, இத்தகையவர்களை உடனே பரிசோதித்து மருந்து தொடங்கினால் அடுத்து வரக்கூடிய பக்கவாதங்களில் பெரும்பகுதியைத் தடுக்க முடியும் என்று காட்டியது. சிகிச்சையும் பெரிய அறுவை, ஆபரேஷன் என்று இருக்காது. பெரும்பாலானவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஒன்று, பிரஷர் கட்டுப்பாடு, கழுத்து ரத்தக்குழாய்க்கு ஒரு ஸ்கேன், இதயத்துடிப்பு சீராக இருக்கிறதா என்று ஒரு இ.சி.ஜி. அவ்வளவுதான்.

அவர்கள் வர மறுக்கலாம். வயதானவர்கள் மறுப்பதற்குப் பின்னால் பெரும்பாலும் மூன்று பயங்கள் இருக்கும்: அட்மிட் பண்ணிவிடுவார்கள், செலவாகும், பிள்ளைகள் பதறிப்போவார்கள். "உங்களுக்கு ஸ்ட்ரோக் வரப்போகுது" என்று சொன்னால் கதவைச் சாத்திக்கொள்வார்கள். "டம்ளர் நழுவினதை நான் கண்ணால பாத்தேன்மா, எனக்கு மனசு கேக்கல. ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டா நானும் நிம்மதியா இருப்பேன், நானே கூட வரேன்" என்று சொல்லிப் பாருங்கள். தன் உடம்புக்காக வர மறுப்பவர்கள் அடுத்தவர் கவலைக்காகக் கிளம்பி வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்கும் மசியவில்லை என்றால் பெங்களூரில் இருக்கும் மகளுக்குப் போன் போடுங்கள். இதைத் தலையிடுவதாக யாரும் நினைக்க மாட்டார்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களுக்குக் கை கால் பயிற்சி கொடுப்பதுதான் என் அன்றாட வேலை. அதாவது, முதல் சில மணி நேரத்தில் என்ன நடந்ததோ அதன் விளைவு முழுவதும் மாதக் கணக்கில் என் கைக்கு வருகிறது. ஒரே வயது, ஒரே மாதிரி அடைப்பு. ஒருவர் மூன்றாம் வாரம் தானே வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிறார். இன்னொருவர் ஒரு வருடம் கழித்தும் சட்டைப் பொத்தான் போட மனைவியை எதிர்பார்த்து நிற்கிறார். வித்தியாசத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் விசாரித்துப் பார்த்தால் பல நேரம் அது முதல் நாள் காலையில் போய் நிற்கும். யார் பார்த்தார்கள், பார்த்தவர் என்ன நினைத்தார், எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள்.

நேரத்துக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பக்கவாதங்களில் பெரும்பாலானவை மூளையின் ரத்தக்குழாய் அடைபடுவதால் வருபவை. மற்றவை குழாய் வெடித்து ரத்தம் கசிவதால் வருபவை. பெரிய குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்று 2006இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி 1995இல் நிரூபிக்கப்பட்டபோது அதற்கு மூன்று மணி நேரம்தான் கெடு. 2008இல் அது நாலரை மணி நேரமானது. இப்போது ஆல்டிப்ளேஸ், டெனெக்டிப்ளேஸ் என்ற பெயர்களில் அந்த ஊசி கிடைக்கிறது. தொடை வழியாகவோ மணிக்கட்டு வழியாகவோ மெல்லிய குழாயை விட்டு அடைப்பையே வெளியே இழுத்தெடுக்கும் முறை 2015க்குப் பிறகு உறுதிப்பட்டது; ஆறு மணி நேரம் வரை, ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள். இதைப் படித்துவிட்டு "நாலரை மணி நேரம் இருக்கிறதே, குளித்துவிட்டுப் போகலாம்" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கெடுவுக்குள் போனாலும் முதல் மணி நேரத்தில் போட்ட ஊசிக்கும் நாலாவது மணி நேரத்தில் போட்ட ஊசிக்கும் பலனில் பெரிய வேறுபாடு உண்டு. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று நேரம் ஓடும்.

இன்னொரு விஷயம்தான் பக்கவாதத்தின் கொடுமை. இதில் பெரும்பாலும் வலி கிடையாது. நெஞ்சுவலி என்றால் மனிதர் கத்துவார், வியர்க்கும், வீடே எழுந்துவிடும். பக்கவாதத்தில் கை மெதுவாகத் தொங்கும், பேச்சு குழறும், ஆள் அமைதியாக உட்கார்ந்திருப்பார். போனை எடுத்து நம்பர் அழுத்தக் கை வராது. அழுத்தினாலும் வார்த்தை வராது. அதைவிட மோசம், மூளையின் வலது பாதியில் அடிபட்டவர்களுக்குத் தன் இடது கை வேலை செய்யவில்லை என்பதே தெரியாமல் போகலாம். "எனக்கு என்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்று உறுதியாகச் சொல்வார்கள். அது பிடிவாதம் கிடையாது, நோயே அப்படிப் பேச வைக்கிறது. ஆகவே இந்த நோயை நோயாளி கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. பக்கத்தில் இருப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளைகள் கூட இல்லாத வீட்டில் அந்தப் பக்கத்தில் இருப்பவர் நீங்கள்தான்.

சரி, எதைப் பார்ப்பது? முகம், கை, பேச்சு. இந்த மூன்றும் எல்லோரும் சொல்வதுதான், ஆனால் எப்படிப் பார்ப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முகத்துக்கு, சிரிக்கச் சொல்வதைவிடப் பல்லைக் காட்டச் சொல்லுங்கள். பதற்றத்தில் இருப்பவரைச் சிரிக்கச் சொன்னால் முழிப்பார். பல்லைக் காட்டும்போது ஒரு பக்க உதடு மட்டும் ஏறி, மறுபக்கம் தொங்கினால் தெரிந்துவிடும். காபி குடிக்கும்போது ஒரு கடைவாயில் ஒழுகுவதும் இதே அறிகுறிதான். பல்செட்டைக் கழற்றி வைத்திருந்தால் சிலருக்கு முகம் எப்போதுமே கோணலாகத் தெரியும், அது வேறு.

கைக்கு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்க, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். பத்து எண்ணுங்கள். ஒரு கை மட்டும் தாழ்ந்து வந்தாலோ, உள்ளங்கை உட்பக்கமாகத் திரும்பினாலோ அந்தப் பக்கம் பலம் குறைகிறது என்று அர்த்தம். கண்ணை மூடச் சொல்வது முக்கியம். திறந்திருந்தால் பார்த்துப் பார்த்துத் தூக்கிப் பிடித்துக்கொள்வார்கள். காலுக்குத் தனிச் சோதனை வேண்டாம், நடையிலேயே தெரியும். ஒரு கால் செருப்பு கழன்று போனது தெரியாமல் நடந்து வருகிறார் என்றால் அங்கேயே பிடித்து உட்கார வையுங்கள்.

பேச்சுக்கு, அவருக்குப் பழகிய ஒரு வாக்கியத்தைச் சொல்லச் சொல்லுங்கள். பேரன் பெயர், வீட்டு விலாசம், தினமும் சொல்லும் சுலோகத்தின் முதல் வரி, எதுவும் சரி. குழறல் மட்டும் அறிகுறி என்று நினைக்காதீர்கள். சிலர் தெளிவாக, சரளமாகப் பேசுவார்கள், ஆனால் பொருளே இருக்காது. சாவி என்பதற்குப் பதில் சட்டி என்பார்கள், கேட்ட கேள்வி ஒன்று, சொல்லும் பதில் வேறொன்று. வீட்டில் இருப்பவர்கள் இதை "மறதி வந்துருச்சு", "புத்தி தடுமாறுது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆண்களாக இருந்தால் குடித்திருக்கிறார் என்று நினைத்துத் திண்ணையில் படுக்க வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வழக்கமாகக் குடிப்பவருக்கும் பக்கவாதம் வரும், அதுவும் மற்றவர்களைவிட அதிகமாகவே வரும்.

இந்த மூன்றிலும் சிக்காத ஒரு வகை உண்டு, மூளையின் பின்பகுதியில் வருவது. திடீரென்று தலைசுற்றல், வாந்தி, நிற்க முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்தல், ஒன்று இரண்டாகத் தெரிதல், ஒரு பக்கப் பார்வை மறைதல். நம் ஊரில் இதுதான் அதிகம் கோட்டை விடப்படுகிறது, ஏனென்றால் பித்தம், வாயு, வெயில், வெறும் வயிறு என்று நம்மிடம் பதில்கள் தயாராக இருக்கின்றன. எலுமிச்சம்பழச் சாறு கொடுத்துப் படுக்க வைத்துவிடுகிறோம். தலைசுற்றல் எல்லாமே பக்கவாதம் கிடையாதுதான். ஆனால் சுவரைப் பிடிக்காமல் நிற்கவே முடியவில்லை, சாய்கிறார், பார்வையோ பேச்சோ சேர்ந்து தடுமாறுகிறது என்றால் பழச்சாறு எதற்கும் உதவாது. வாழ்க்கையில் இதுவரை வராத அளவுக்கு இடி விழுந்தது போன்ற தலைவலி திடீரென்று வந்தாலும் அப்படித்தான், ரத்தக்கசிவாக இருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் பொதுவான சொல் 'திடீரென்று'. மூட்டுவலியால் ஐந்து வருடமாகத் தாங்கித் தாங்கி நடப்பவர் இன்றும் தாங்கி நடந்தால் அது செய்தி இல்லை. நேற்று வரை நேராக நடந்தவர் இன்று ஒரு பக்கம் சாய்ந்தால் செய்தி. அதற்கு நேற்று அவர் எப்படி நடந்தார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் சொல்ல வந்ததே இதுதான்: அறிகுறிப் பட்டியலை மனப்பாடம் செய்தவரைவிட, அந்த மனிதரின் வழக்கம் தெரிந்தவர்தான் முதலில் கண்டுபிடிக்கிறார்.

நான் பயிற்சி கொடுத்த ஒரு பாட்டியைக் கண்டுபிடித்தவர் ஒரு பூக்காரம்மா. தினமும் காலையில் அதே வாசலில் அதே இரண்டு முழம். அன்றைக்குப் பாட்டி சில்லறையை எண்ணினார், ஆனால் உள்ளங்கையின் வலப்பக்கம் கிடந்த காசை மட்டுமே எண்ணினார். இடப்பக்கத்தில் கிடந்ததைக் கண் தொடவே இல்லை. பூவை நீட்டினால் இடது கை வரவில்லை. "காசு கணக்குல ஒரு நாளும் ஏமாறாத மனுஷி" என்று பூக்காரம்மா பின்னர் என்னிடம் சொன்னார். கூடையை அப்படியே போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டைத் தட்டியிருக்கிறார். அவருக்கு மூளையைப் பற்றியோ வலது இடது பாதியைப் பற்றியோ எதுவும் தெரியாது. அந்தப் பாட்டியைத் தெரியும். ஊசி போட வேண்டிய நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள். பாட்டி இன்று அதே வாசலில் இடது கையை நீட்டிப் பூ வாங்குகிறார்.

இன்னொரு வீடு. ஓய்வு பெற்ற ஆசிரியர். விடியற்காலையில் எழுந்தபோதே வலது கை மரத்திருந்தது. கை மேல் படுத்துவிட்டார் என்று மனைவி தைலம் தேய்த்தார். காபி கொடுத்தார், புரையேறியது. மகன் வரட்டும் என்று காத்திருந்தார்கள். மகன் வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர மதியம் ஆனது. எதிர் வீட்டில் கார் இருந்தது. "காலங்காத்தால அவங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு நெனச்சோம்" என்றார் அந்த அம்மா. அந்த வார்த்தை எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. இதைப் படிக்கிற ஒவ்வொருவரும் தங்கள் எதிர் வீட்டு முதியவர்களிடம் வாய்விட்டுச் சொல்லி வைக்க வேண்டிய ஒன்று உண்டு: எந்த நேரமானாலும் கதவைத் தட்டுங்கள், எங்களுக்கு அது தொந்தரவே இல்லை. நீங்களாகச் சொல்லாவிட்டால் அவர்கள் தட்ட மாட்டார்கள்.

அறிகுறி தெரிந்துவிட்டது. இப்போது என்ன செய்வது? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி "கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?" என்பதுதான். நீங்கள் பார்த்த நேரத்தை அவர் கேட்கவில்லை. இரவு பத்து மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தவர் காலை ஐந்து மணிக்குக் கோணிய வாயோடு எழுந்தால் கணக்கு இரவு பத்திலிருந்து தொடங்கும். நடுவில் ஒரு மணிக்குப் பாத்ரூம் போய் வந்தார், நன்றாக இருந்தார் என்று துணைவருக்கு நினைவிருந்தால் ஒரு மணியிலிருந்து. அந்த மூன்று மணி நேர வித்தியாசம் ஊசி போடலாமா வேண்டாமா என்பதையே மாற்றிவிடும். ஆகவே நிதானமாகக் கேட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து 108. "பக்கவாதம் மாதிரி இருக்கு, இத்தனை மணிக்கு ஆரம்பிச்சது" என்று சொல்லுங்கள். இந்த இலவச சேவை தமிழ்நாட்டில் 2008 முதல் இருக்கிறது. ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் இடம் என்றால் காரிலேயே கிளம்பிவிடலாம். ஆனால் எங்கே போகிறோம் என்பது முக்கியம். நம் வழக்கப்படி முதலில் தெருமுனை கிளினிக், அங்கிருந்து ஒரு நர்சிங் ஹோம், அங்கே ஸ்கேன் இல்லையென்று பெரிய ஆஸ்பத்திரி. இந்த அலைச்சலில்தான் நேரம் போகிறது. நேராக, 24 மணி நேரமும் சி.டி. ஸ்கேன் எடுத்து இந்த ஊசியைப் போடக்கூடிய இடத்துக்குப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் 'தாய்' என்று அழைக்கப்படும் அவசர சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, பக்கவாதமும் அதன் கீழ் வருகிறது. உங்கள் பகுதியில் அரசிலோ தனியாரிலோ எந்த மருத்துவமனையில் ராத்திரி இரண்டு மணிக்கும் ஸ்கேனும் நரம்பியல் மருத்துவரும் கிடைக்கும் என்பதை இந்த வாரமே போன் போட்டு விசாரித்து வையுங்கள். அன்றைக்குத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

வண்டி வரும்வரை வாயில் எதுவும் கொடுக்காதீர்கள். தண்ணீர், காபி, சோடா, மாத்திரை எதுவும் வேண்டாம். விழுங்கும் தசையும் பாதிக்கப்பட்டிருக்கலாம், கொடுத்தது நுரையீரலுக்குப் போய்விடும். நெஞ்சுவலிக்குக் கொடுப்பது போல ஆஸ்பிரின் கொடுத்துவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. இங்கே அது கூடாது. அடைப்பா கசிவா என்று ஸ்கேன் எடுக்காமல் யாராலும் சொல்ல முடியாது, கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் நிலைமையை மோசமாக்கும். பிரஷர் பார்த்து 180 இருக்கிறதென்று கூடுதலாக ஒரு பிரஷர் மாத்திரை போடுவதும் தவறு. அடைப்பைத் தாண்டி ரத்தத்தைத் தள்ள உடம்பே அழுத்தத்தை ஏற்றி வைத்திருக்கலாம், அதை எவ்வளவு குறைக்கலாம் என்பது மருத்துவர் முடிவு. சர்க்கரை நோயாளி என்றால், வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்த்து 108இல் வருபவரிடம் சொல்லுங்கள். சர்க்கரை மிகவும் இறங்கினாலும் அச்சு அசலாகப் பக்கவாதம் போலவே இருக்கும். வாந்தி எடுத்தாலோ மயங்கினாலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் சரியாகிவிடும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வருடக்கணக்காகச் சுற்றுகிறது. முழுப் பொய். புறா ரத்தம் தடவுவதும் அப்படித்தான். கையில் கால் மணி நேரம்கூட இல்லாதபோது இவற்றுக்கு நேரம் செலவிடுவது அந்த மனிதரின் மூளையைச் செலவிடுவது.

ஸ்கேன் பற்றி ஒரு வார்த்தை. முதல் சில மணி நேரத்தில் எடுக்கும் சி.டி.யில் அடைப்பினால் வந்த பக்கவாதம் தெரியாமலே போகலாம். கசிவு உடனே தெரியும், அடைப்பின் பாதிப்பு தெரிய நேரமாகும். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாம்" என்று அழைத்து வந்துவிடாதீர்கள். கசிவு இல்லை என்று தெரிவதற்காகத்தான் அந்த ஸ்கேனே. கை தாழ்ந்திருக்கிறது, ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்றால், ஊசிக்கு வழி திறந்திருக்கிறது என்றுதான் பொருள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, தலையிடாமல் எப்படிக் கவனித்துக்கொள்வது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் அறுபதைக் கடந்தவர். பிள்ளைகள் வெளியூரில், பெற்றோர் மட்டும் ஊரில் என்பது இப்போது ஒவ்வொரு தெருவிலும் உண்டு. முதியவர்களுக்குத் தங்களை யாரோ கண்காணிக்கிறார்கள் என்ற எண்ணம் பிடிக்காது, அது நியாயமும்கூட. ஆனால் கொடுக்கல் வாங்கலுக்கு அவர்கள் பழகியவர்கள். நீங்கள் முதலில் அவர்களிடம் ஏதாவது உதவி கேளுங்கள். கூரியர் வந்தால் வாங்கி வைக்கச் சொல்லுங்கள், ஊருக்குப் போகும்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், உங்கள் வீட்டுச் சாவியை அவர்களிடம் கொடுத்து வையுங்கள். அதன் பிறகு அவர்கள் வீட்டுச் சாவி உங்களிடம் இருப்பது இயல்பாகிவிடும்.

சாவி மட்டும் போதாது. உள்தாழ்ப்பாள் போட்டிருந்தால் சாவி பயன்படாது. விழுந்து கிடப்பவரை வெளியே நின்று கூப்பிட்டுக்கொண்டே, ஆசாரியைத் தேடி ஆள் அனுப்பிய கதைகள் நிறைய. வெளியிலிருந்து சாவியால் திறக்கக்கூடிய பூட்டை மட்டும் இரவில் போடச் சொல்லி, மேல் தாழ்ப்பாளை விட்டுவிடச் சொல்லுங்கள். பாத்ரூம் கதவுக்கும் இதே பேச்சுதான். வீட்டில் இருவர் மட்டும் இருக்கும்போது தாழ் போட வேண்டிய தேவையே இல்லை; கூச்சமாக இருந்தால் இரண்டு பக்கமும் திறக்கக்கூடிய பூட்டு ஒன்றை மாட்டிக் கொடுங்கள். குடியிருப்பின் வெளிக் கேட்டை இரவில் யார் பூட்டுகிறார், ஆம்புலன்ஸ் வந்தால் யார் திறப்பார், ஸ்ட்ரெச்சர் உங்கள் லிப்டுக்குள் நுழையுமா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நுழையாது என்றால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இறக்க இரண்டு பேர் வேண்டும், அந்த இரண்டு பேர் யார் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

காலையில் எழுந்ததும் கண்ணில் படுபவை போதும். எட்டு மணிக்கும் பால் பாக்கெட் பையிலேயே இருக்கிறதா, பேப்பர் எடுக்கப்படாமல் கிடக்கிறதா, தினமும் விழும் கோலம் இன்று விழவில்லையா, டி.வி. ராத்திரி முழுக்க ஓடியதா, குழாய் சத்தம் நிற்காமல் கேட்கிறதா. பால் போடுபவர், வீட்டு வேலை செய்யும் அக்கா, இஸ்திரி போடுபவர், வாட்ச்மேன் ஆகியோர் நம்மைவிட அதிகம் பார்க்கிறார்கள். அவர்கள் கையில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும். "ஏதாவது வித்தியாசமா இருந்தா எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க" என்று சொல்லி வையுங்கள்.

மகனுக்கும் மகளுக்கும் உங்கள் நம்பர் இருக்கிறதா? பல நேரம் பேச்சில் வரும் மாற்றத்தைத் தொலைபேசியில் முதலில் கேட்பவர்கள் தூரத்தில் இருக்கும் பிள்ளைகள்தான். ஆனால் போய்ப் பார்க்கச் சொல்ல அவர்களிடம் ஒரு பக்கத்து வீட்டு நம்பர் இருக்காது. வீடியோ கால் பேசும் பிள்ளைகள் பாட்டியைப் பேரனுக்கு இரண்டு கையையும் தூக்கிக் காட்டச் சொல்லலாம், விளையாட்டு போல இருக்கும், கையும் தெரிந்துவிடும்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்ட ஒரே ஒரு காகிதம் தயார் செய்ய உதவுங்கள். பெயர், வயது, இருக்கும் நோய்கள், சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாமை, முன்பு நடந்த ஆபரேஷன், பிள்ளைகள் நம்பர், மருத்துவ ஃபைலும் காப்பீட்டு அட்டையும் எந்த அலமாரியில். மாத்திரைகளில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பவற்றை, வார்ஃபரின், அசிட்ரோம், அபிக்ஸபன், ரிவராக்ஸபன் போன்றவற்றை, சிவப்பு மையில் எழுதுங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பது தெரியாவிட்டால் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் போட மருத்துவர் தயங்குவார். வாய் பேச முடியாதவருக்காக அந்தக் காகிதம்தான் பேசும். பிள்ளைகளின் நம்பர் அதில் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஊசி போடுமுன் ரத்தக்கசிவு ஆபத்தைச் சொல்லிச் சம்மதம் கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்காரராக நீங்கள் அந்த இடத்தில் தவிக்க வேண்டாம். வண்டியில் ஏறும்போதே மகளை அழைத்து, லைனில் வைத்து, மருத்துவரிடம் போனைக் கொடுத்துவிடுங்கள்.

பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் நம் ஊரில் ஏராளம். "நார்மலா இருக்கு, எதுக்கு மாத்திரை", "கிட்னி போயிடும்" என்ற இரண்டு வாக்கியங்கள் எத்தனை பேரை என்னிடம் அனுப்பியிருக்கின்றன என்று சொல்லி முடியாது. நார்மலாக இருப்பதே மாத்திரையால்தான், சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத பிரஷர். மாத்திரை வாங்கப் போக முடியாததாலும் பலர் நிறுத்துகிறார்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர்கள் பெயரைப் பதிந்து கொடுங்கள். யாருமே கவனிக்காத, கைவிடப்பட்ட முதியவர் உங்கள் தெருவில் இருந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் சொல்லலாம். அவசரத்துக்கு அது ஆகாது, அதற்கு 108தான்.

கடைசியாக, பக்கவாதம் வந்து வீடு திரும்பியவரைப் பார்க்கப் போகும்போது. "எங்க, கையைத் தூக்குங்க பாப்போம்" என்று வருகிற ஒவ்வொருவரும் பரீட்சை வைப்பார்கள்; நீங்கள் வைக்காதீர்கள். பேச்சு போனவரிடம் சத்தமாகப் பேச வேண்டாம், காது நன்றாகத்தான் கேட்கிறது. ஆம், இல்லை என்று தலையாட்டிப் பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள், கொஞ்சம் பொறுத்திருங்கள். எழுப்பி உட்கார வைக்கும்போது பலமில்லாத கையைப் பிடித்து இழுத்துவிடாதீர்கள். அந்தப் பக்கத் தோள் மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருக்கும். ஒரே இழுப்பில் தோள் இறங்கிவிடும், பிறகு மாதக்கணக்கில் வலி. இடுப்பையும் முதுகையும் பிடித்துத்தான் தூக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்டும் உண்டு. அவர் வரும் நாளில் நீங்களும் ஒருமுறை கூட இருந்து, எப்படிப் பிடிப்பது என்று உங்கள் கையாலேயே செய்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.